சாயங்காலம் எடுத்த அளவு

உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்த்து, தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்து, சூடு போதும் என்று தெரிந்த பிறகுதான் அளவக்கா ஒரு பிள்ளையின் முகத்தைத் தொடுவாள். கட்டைவிரல்கள் இரண்டும் காதுக்குக் கீழே, தாடை எலும்பின் ஓரத்தில் போய் உட்காரும். "மூச்சை இழு கண்ணு. இழு, இழு, உள்ளே இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு பாரு. ம், அப்படியே வெச்சுக்கோ." பிள்ளை மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த ஒரு நொடியில் தாடையை மெல்ல மேலே ஏந்துவாள். முதுகெலும்பு கணுக்கணுவாக நிமிர்வது அவள் விரலுக்குத் தெரியும். சுவரில் பொருத்திய, உயரம் அளக்கும் கம்பத்தில் மரப்பலகை சறுக்கி இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்ததும் எண்ணைச் சொல்வாள். எதிர் மேஜையில் இருப்பவள் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவாள். இப்படி மூன்று முறை. முடிந்ததும், "வலிச்சுதா? உனக்கு வலிச்சிருக்காது, கம்பத்துக்குத்தான் வலிச்சிருக்கும்" என்பாள். இருபத்திரண்டு வருடமாக இதே நகைச்சுவைதான். ஒவ்வொரு பிள்ளையும் புதிதாகக் கேட்பதால் தேயவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் கூடத்தைத் தாண்டி, இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராயும் நிலையம். பெண்பிள்ளை எந்த வயதில் பெரியவளாகத் தொடங்குகிறாள், அந்த வயது ஏன் வருடத்துக்கு வருடம் முன்னால் நகர்கிறது என்று அங்கே பார்க்கிறார்கள். ஆறு வயதில் சேரும் பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி உயரம், எடை, இடது கை எலும்பின் படம் எல்லாம் எடுத்து, அவள் வயதுக்கு வரும் நாள்வரை பின்தொடர்வார்கள். அளவக்கா முதலில் அங்கே தரை துடைக்கத்தான் போனாள். அளக்கிறவள் பிரசவத்துக்குப் போன ஒரு மாதம், அவளை ஒப்புக்கு நிற்க வைத்தார்கள். மூன்று முறை அளந்தால் மூன்று முறையும் அவளுக்கு ஒரே எண் வந்தது. பெரிய டாக்டரம்மா துடைப்பத்தை வேறு ஒருத்தியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா முதல் நாளே மூன்று சட்டம் போட்டார். அளவு காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுக்க வேண்டும். நாள் முழுக்க ஓடி உட்கார்ந்து முதுகெலும்பு அமுங்கி, சாயங்காலத்துக்குள் மனிதர்கள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறார்கள். தாடையை ஏந்தி, மூச்சை இழுக்கச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, போன தடவை அளவு என்ன என்று அளக்கிறவள் பார்க்கவே கூடாது. பழைய எண்களெல்லாம் அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் பூட்டிக் கிடக்கும்.

"பழசைப் பார்த்தா கை சாஞ்சிடும்" என்பாள் அளவக்கா, புதிதாக வேலைக்கு வருகிற யாரிடமும். "நாம வேணும்னு பண்ண மாட்டோம். கை தானாப் பண்ணிடும். இவ இவ்வளவுதான் வளர்ந்திருப்பான்னு மனசு சொல்லும், பலகை அங்கேயே போய் நின்னுக்கும்."

வேலை கண்ணில் ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருவில் எதிரே வருகிறவர்களை அவள் முகத்தால் அடையாளம் காண்பதில்லை, உச்சந்தலையால் காண்கிறாள். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் வாசலுக்குப் பத்தடி தள்ளி வரும்போதே "தலை, தலை" என்று சத்தம் கொடுத்தாள். அந்த வாசல் நிலை எவ்வளவு உயரம், அவர் எவ்வளவு உயரம் என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மனிதர் குனியாமல் வந்து இடித்துக்கொண்டு, "அதெப்படிம்மா தெரியும்?" என்று நெற்றியைத் தேய்த்தார். கூச்சக்காரி, அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அவளோடு மேஜையில் எழுதுகிறவளைப் பென்சில் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வாய் ஓயாது. பையன்களையும் ஆராய்ச்சியில் சேர்த்த வருடம், குரல் உடைந்தது என்றைக்கு என்று ஒருவனைக் கேட்டதற்கு அவன் "திங்கக்கிழமை, ரெண்டாவது பீரியட்" என்றானாம். அதைப் பென்சில் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அளவக்கா சிரிப்பது கண்ணால் மட்டும்.

ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று அளவக்காவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. விண்ணப்பத் தாளைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் சேர்ந்தபோது அது ஒரே பக்கம். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு ஓடி ஆடுகிறது, அவ்வளவுதான். நாலைந்து வருடத்தில், தண்ணீர் எந்த மாதிரி பாட்டிலில் குடிக்கிறாள் என்று ஒரு பக்கம் சேர்ந்தது. பிறகு சோப்பு, பவுடர், சென்ட். அதற்கப்புறம் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், கையில் போன் எவ்வளவு நேரம். ஒரு வருடம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு வந்தபோது, அதைப் பற்றி இரண்டு பக்கம். கடைசியாகச் சேர்ந்தவைதான் அவளுக்குக் கேட்கவே நாக்கு கூசுகிறவை: அப்பா வீட்டில் இருக்கிறாரா? பிள்ளையின் காதில் விழும்படி வீட்டில் சண்டை நடக்கிறதா? இப்போது மொத்தம் பதினோரு பக்கம்.

"சோப்புல என்ன போட்டிருக்கான்னு என்னைக் கேட்டா? போட்டவனைப் போய்க் கேளும்மா" என்று தாய்மார்கள் எரிந்து விழுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போவாள். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல் வைத்திருக்கிறாள் அதற்கென்று. பேருந்து நிலையத்தில் வண்டி எண் சொல்கிற குரல்.

பிள்ளை வயதுக்கு வந்த அன்றே தாய்மார்கள் அவளுக்குப் போன் செய்ய வேண்டும். அடுப்பில் பால் பொங்கும்போதும், கடையில் சில்லறை வாங்கும்போதும் போன் வரும். "அக்கா, இன்னைக்கு." தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். பிறகு, "பயப்பட ஒண்ணுமில்ல, உடம்பு கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லுங்க. நல்லாத் தூங்கச் சொல்லுங்க" என்பாள். முன்பெல்லாம் அந்தப் போன் ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்காக வரும். பிறகு ஆறாவது, ஐந்தாவது. இப்போது நாலாவது. அதிலும் ஒருத்தி மூன்றாவது. காத்திருக்கும் அறையில் முதலில் வாரப் பத்திரிகைகள் கிடந்தன. பிறகு படக்கதைப் புத்தகம் வாங்கிப் போட்டார்கள். போன வருடம் பொம்மை வாங்கினார்கள். தாய் உள்ளே கண்ணைத் துடைத்துக்கொண்டு தேதி சொல்லும்போது, பிள்ளை வெளியே பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை டாக்டரம்மா பெரிய அரங்கில் பேசியபோது இவளையும் கூப்பிட்டிருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் பிள்ளைக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான புள்ளிகள், அவற்றுக்கு நடுவே இடமிருந்து வலமாக இறங்குகிற ஒரு கோடு. எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். இவள் புள்ளிகளைப் பார்த்தாள். கீழே தனியாகக் கிடக்கிற அந்தப் புள்ளி, காது கேட்காத பிள்ளை ஒருத்தி. அளக்கும்போது கூச்சத்தில் நெளிவாள். அதற்குப் பக்கத்துப் புள்ளி, பற்பசை வாசனையோடு வருகிற இரட்டையரில் மூத்தவள். பேச்சு முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். சத்தம் வரவில்லை.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். வீட்டில் கூப்பிடும் பெயர் சிட்டு. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீர் மேல். நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை. அதனால் அளவக்கா சிட்டுவை வீட்டிலேயே அளந்தாள். படுக்கையறைக் கதவின் பின்பக்கம், பிறந்தநாளுக்கு ஒரு கோடு, அரைப் பிறந்தநாளுக்கு ஒரு கோடு. காலையில், பல் துலக்கியவுடன், தாடையை ஏந்தி, தலையில் கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து. கப்பலிலிருந்து அப்பா கேட்கிற முதல் கேள்வியே "கோடு எங்கே நிக்குது?" என்பதுதான். ஏழாவது பிறந்தநாளில் கோடு நூற்றுப் பத்தொன்பதில் நின்றது.

ஏழரை வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகத்தை வைத்துப் பார்த்தபோது நூற்று இருபத்து மூன்று புள்ளி நாலு. பென்சிலைக் கதவில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். ஆறு மாதத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல். வேறு ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்தால், அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் இருப்பவர் எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூப்பிடுகிற எண் அது. தரை மேடாக இருக்கும் என்று நினைத்தாள். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். கதவின் கீலை ஆட்டிப் பார்த்தாள். கோடு போடவில்லை.

அன்று சாயங்காலம் சிட்டு தெருவில் விளையாடிவிட்டு வந்ததும் மறுபடி நிற்க வைத்தாள். தாடையை ஏந்தவில்லை. மூச்சை இழுக்கச் சொல்லவில்லை. பழைய கோடு கண்ணுக்கு நேரே இருந்தது. புத்தகத்தைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். நூற்று இருபத்திரண்டு புள்ளி ஒன்று. அங்கே கோடு போட்டாள்.

"பார்த்தியா, சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"என்னம்மா சரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கை கால் கழுவு, போ."

எட்டாவது பிறந்தநாளில் அவள் காலையில் அளக்கவே இல்லை. சாயங்காலம் அளந்து, நூற்று இருபத்தைந்து புள்ளி இரண்டு என்று கோடு போட்டாள். வருடத்துக்கு ஆறு சென்டிமீட்டர், அப்பா நல்ல உயரம், எல்லாம் பொருந்தித்தான் வந்தது. அந்த மாதம் சிட்டுவின் தலையணை உறையில் வாடை மாறியிருந்தது. சோப்பை மாற்றினாள். நெற்றியில் இரண்டு பரு வந்தது. வெயில் கொப்புளம் என்று சொல்லி மாவு தடவினாள். அடுத்த நாள் காலை நிலையத்தில் ஒரு தாயிடம், "வியர்வை வாடை மாறுதான்னு பாருங்கம்மா, அதுதான் முதல்ல சொல்லும்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. சொல்லி முடித்தபிறகு அந்தத் தாயின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து விடுமுறை விட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு பிள்ளை போய் அடுத்த பிள்ளை வருவதற்கு நடுவில், சிட்டு ஓடிப்போய்க் கம்பத்தடி மேடையில் ஏறி நின்றுகொண்டது.

"அம்மா, என்னையும் அள!"

"கம்பத்தைத் தொடாதே. இறங்கு."

"ஏண்டி, ஊர்ப் பிள்ளையையெல்லாம் அளக்கிறே, பெத்த பிள்ளை கேட்டா விரட்டுறியா?" என்று பென்சில் எழுந்து வந்தாள். "நீ இங்கே உட்காரு, எழுது. இன்னைக்கு நான் அளக்கிறேன். வாடி என் தங்கம், கையைத் தேய்க்கச் சொல்லுவாளே உங்கம்மா, இதோ தேய்ச்சாச்சு. மூச்சை இழு!"

மணி ஒன்பதே முக்கால். அளவக்கா எழுதுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நூத்தி முப்பது புள்ளி எட்டு" என்றாள் பென்சில்.

எழுதுகிறவள் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அளக்கிறவள் பலகையை எடுப்பாள். அளவக்கா சொல்லவில்லை.

"என்னடி, காது கேக்கலையா? நூத்தி முப்பது புள்ளி எட்டு."

சீட்டு வெறுமையாக இருந்தது. சிட்டு இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முகம் சிவந்து, கண் மட்டும் அம்மா பக்கம் உருண்டது.

"திருப்பிச் சொல்லுடி. பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

பென்சில் பலகையைத் தூக்கினாள். "மூச்சு விடு கண்ணு." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, முறைப்படி இன்னும் இரண்டு தடவை அளந்தாள். அதே எண்தான். மேஜைக்கு வந்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அவளே எழுதினாள்.

"இவளுக்கு எட்டு வயசு நாலு மாசந்தானே?"

"ம்."

"எப்போ இருந்துடி?"

"தெரியல."

பென்சில் அவளைப் பார்த்தாள். "உனக்கா தெரியல?"

சிட்டு பெருமை தாங்காமல் குதித்தது. "எங்க கிளாஸ்ல நான்தான் உசரம், பென்சில் அத்தை! வரிசையில கடைசியில நிப்பேன்!"

எக்ஸ்ரே எடுக்கிறவர் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைத்தான் சிட்டுவிடமும் சொன்னார். "ராணியம்மா, இடது கையைக் குடுங்க, ஜோசியம் பார்க்கலாம். விமானம் ஓட்டுவீங்களா, கப்பல் ஓட்டுவீங்களான்னு எலும்புல எழுதியிருக்கும்." படம் திரையில் வந்ததும் அவர் ஜோசியம் சொல்லவில்லை. "டாக்டரம்மா பார்க்கட்டும்க்கா" என்று தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொல்ல வேண்டியதில்லை. வளர்கிற பிள்ளையின் எலும்பு முனைகளில் இடைவெளி இருக்கும்; வளர்ச்சி அங்கேதான் நடக்கும். அது மூடிவிட்டால் உயரம் நின்றுவிடும். சிட்டுவின் விரல்களில் அந்த இடைவெளி நூல் அளவுக்குத்தான் இருந்தது. இன்று வகுப்பிலேயே உயரமாக இருக்கிற பிள்ளை, எல்லோரும் வளரத் தொடங்குகிறபோது நின்றுபோய், ஒருநாள் எல்லோரிலும் குள்ளமாக இருக்கும்.

டாக்டரம்மா எலும்புப் படப் புத்தகத்தைப் பிரித்தார். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கை. அளவக்கா இருபத்திரண்டு வருடம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த புத்தகம். டாக்டரம்மாவின் விரல் எட்டைத் தாண்டியது. ஒன்பதையும் பத்தையும் தாண்டியது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நின்றது.

"வீட்டுல அளந்து வெச்சிருப்பீங்களே" என்றார். "அளவு சொல்லுங்க."

அளவக்கா சொன்னாள். ஏழு வயதில் நூற்றுப் பத்தொன்பது. ஏழரையில் நூற்று இருபத்திரண்டு புள்ளி ஒன்று. எட்டில் நூற்று இருபத்தைந்து புள்ளி இரண்டு. டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர், புருவத்தைச் சுருக்கினார். நாலு மாதத்தில் இத்தனை உயரம் யாராலும் ஏற முடியாது.

"கடைசி ரெண்டும் சாயங்காலம் எடுத்தது, டாக்டரம்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களா?"

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அளவக்காவுக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் வந்தது. கட்டி இல்லை, நோய் இல்லை, காரணம் என்று எதுவும் இல்லை. உடம்பின் அவசரத்தை நிறுத்திவைக்க மாதம் ஒரு ஊசி போடலாம் என்றார் டாக்டரம்மா. "ஆறு மாசம் முன்னாடின்னா தெம்பாச் சொல்லியிருப்பேன். இப்போ உயரத்துக்கு எவ்வளவு உதவும்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அவளுக்குக் கொஞ்சம் நாள் கிடைக்கும். அது போதாதா?"

"போடுங்க" என்றாள் அளவக்கா.

கப்பல்காரரிடம் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். சாயங்காலம் போட்ட கோட்டைப் பற்றியும் சொன்னாள். அவர், "நான் இருந்திருந்தா காலையிலயே அளந்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஊசி மருந்து குளிர்பெட்டியிலிருந்து வருவதற்கு அரை மணி நேரம் இருந்தது. சிட்டு பொம்மைகளிடம் போய்விட்டது. அளவக்கா அலமாரியைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தாய்மார்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. தண்ணீர் பாட்டில்: பிளாஸ்டிக். சோப்பு: மூன்று முறை மாற்றியது. தூக்கம், போன், எடை. ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, பின்னால் போய், மறுபடி படித்து, குறி போட்டாள். பத்தாவது பக்கத்தில், அப்பா வீட்டில் இருக்கிறாரா? 'ஆம்' ஒரு கட்டம், 'இல்லை' ஒரு கட்டம். கப்பலுக்குக் கட்டம் இல்லை. எத்தனையோ தாய்மார்கள் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தியிருக்கிறார்கள். "ஏதாவது ஒண்ணுல போடுங்கம்மா, நேரமாகுது" என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

பென்சில் வந்து பார்த்தாள். "எதுக்குடி இது? உன் பிள்ளைக்குத்தான் இது கிடையாதே."

"எது பண்ணுச்சுன்னு பார்க்கிறேன்."

"பைத்தியக்காரி. குடு இப்படி."

அளவக்கா கொடுக்கவில்லை. பென்சில் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். டாக்டரம்மா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது ஆயிரம் பிள்ளைங்களைச் சேர்த்து வெச்சுப் பார்க்கிற கேள்வி. சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். ஒரு பிள்ளையை நிறுத்தி, இவளுக்கு இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

"அப்போ நான் இத்தனை பேர்கிட்ட எதுக்குக் கேட்டேன், டாக்டரம்மா?"

"இனிமே வரப்போற பிள்ளைங்களுக்காக."

"ம்" என்றாள் அளவக்கா. மீதிப் பக்கத்தை நிரப்பாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊசி தொடையில் போட்டார்கள். சிட்டு அழவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இது போட்டா நான் சின்னப் பிள்ளையா ஆயிடுவேனா?" என்று கேட்டது.

"இல்ல. கொஞ்ச நாளைக்கு இப்படியே இருப்ப."

"உசரமாவே இருக்கத்தான் எனக்குப் பிடிக்கும்."

எத்தனையோ தாய்மார்களுக்கு அளவக்கா விளக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உடம்பு கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு, அவ்வளவுதான் என்று. அது நாக்கு வரை வந்தது. "பஞ்சை நல்லா அழுத்து" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று கிடைத்தது. சிட்டு ஜன்னல் பக்கம், இவள் ஓரம். இரண்டு நிறுத்தம் தாண்டி, கைத்தடியோடு ஒருவர் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "ஏம்மா, நல்லா வளர்ந்த பொண்ணுதானே, எழுந்து நிக்கட்டுமே. வயசானவர் நிக்கிறாரு பாருங்க."

சிட்டு தொடையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தது. அளவக்கா அதன் இடுப்பைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"விடும்மா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

"நான் கனம்மா."

"எனக்குத் தெரியாத கனமா?"

சிட்டு மடியின் விளிம்பில் பட்டும் படாமலும் ஒட்டிக்கொண்டது. முழு பாரத்தையும் வைக்காமல், கால்களை நீட்டித் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதி நின்றபடியே உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு பாதங்களையும் அளவக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையை வயிற்றோடு சேர்த்து உள்ளே இழுத்து, தன் குதிகால் இரண்டையும் தூக்கி, விரல் நுனியில் ஊன்றினாள். முழங்கால் உயர்ந்தது. சிட்டுவின் பாதங்கள் தரையை விட்டு எழும்பி, பஸ் திரும்புகிற பக்கமெல்லாம் ஆடின. கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. இறங்க வேண்டிய இடம் வரும்வரை அவள் குதிகாலைக் கீழே வைக்கவில்லை.